மலை இறங்க ஒரு துணை

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மலை அங்கேயே முடிந்துபோகிறது. பழனி மலைத்தொடர் அதற்கு மேற்கேயும் நெடுந்தூரம் கிடக்கிறது. 1899-இல் நிறுவப்பட்டுச் சூரியனைக் கவனித்துவரும் வானாய்வகத்தைக் கடந்து போனால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலை ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். அந்த வரிசையில் ஏறக்குறையக் கடைசியில் இருக்கிறது பூண்டி. அதையும் தாண்டினால் போளூர், கிளாவரை. பிறகு காடு, கேரள எல்லை.

நான் பூண்டிக்குப் போனது தோழி ஒருவரோடு. மதுரையில் புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க முடியாதவர். மலையூர்களில் மகளிர் குழுக்கள் கூப்பிட்டால் போய், பெண்களோடு உட்கார்ந்து மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவார்; விரும்புகிறவர்களுக்குத் தனியறையில் பரிசோதனையும் செய்வார். மேல்மலைக்கு வரச்சொல்லிக் குழுப் பெண்கள் கேட்டிருந்தார்கள். "நீயும் வா. ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதினா பாதிதான் தெரியும்" என்றார்.

மாசி மாதம். கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்கு நாளுக்குச் சில பேருந்துகளே ஓடுகின்றன. ஒன்றை விட்டால் அரை நாள் போகும். வண்டி நிறைய உர மூட்டை, மண்ணெண்ணெய் வாசம், ஸ்வெட்டருக்கு மேல் துண்டைத் தலையில் சுற்றிய பெண்கள். மேல்மலைக் காட்சி என்று எல்லோரும் படமெடுக்கும் பூம்பாறைத் திருப்பம் வந்ததும் பக்கத்திலிருந்த பெண் எனக்காக ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார். கீழே படிப்படியாக வெட்டிய வயல்கள். நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். வயலெல்லாம் பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். அந்தக் குறியீட்டைப் பெற்றுத் தருவதில் கொடைக்கானலில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு.

பூண்டு வயலைத் தள்ளி நின்று பார்த்தால் அழகு. இறங்கிப் பார்த்தால் இடுப்பு ஒடிகிற வேலை. நடுவதும் களை எடுப்பதும் பிடுங்குவதும் தாள் கட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மூட்டையைக் குதிரைமேல் ஏற்றுவார்கள். குதிரை போகாத இடத்தில் தலையில். இவர்களிடம் போய் "உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. எந்த உடம்பை, எந்த நேரத்தில், யார் உதவியோடு என்று சொல்லியாக வேண்டும்.

மன்னவனூர் வந்ததும் பசும்புல் வெளி விரிந்தது. மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இங்கே இருக்கிறது. அப்புறம் கவுஞ்சி. பூண்டியில் இறங்கும்போது வெயில் இருந்தும் கை விறைத்தது. தகரக் கூரைகள், கேரட் கழுவுகிற இடத்தில் செந்நீராக ஓடும் வாய்க்கால், உருளைக்கிழங்கு மூட்டைகள்.

கூட்டம் ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கி, ஆண்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் உள்ளே நகர்ந்தது. இருபது வயதுப் பெண்ணிலிருந்து பாட்டிகள் வரை இருந்தார்கள். தோழி பேச்சில் தொடங்கவில்லை. பையிலிருந்து பிசைந்த மைதா மாவு உருண்டை ஒன்றை எடுத்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்தது.

"இதுக்குள்ள ஒரு பட்டாணி இருக்கு. கண்டுபிடிங்க."

உருண்டை கைமாறியது. முதல் இருவரும் விரல் நுனியால் குத்திப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். மூன்றாவது ஒரு பாட்டி; கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக உருட்டி, "இங்கன இருக்கு பாரு" என்றார். தோழி அவர் கையைப் பிடித்துக் காட்டினார். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, நுனியால் இல்லை, விரலின் சதைப்பகுதியால். சின்னச் சின்ன வட்டமாக, முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும் வரை. மார்போடு நின்றுவிடக் கூடாது. கழுத்தெலும்பு வரை, அக்குள் வரை. மாதவிலக்கு வருகிறவர்கள் அது தொடங்கி ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. அதற்கு முன் மார்பு கனத்து, வலித்து, எல்லாமே கட்டி மாதிரித் தோன்றும். நின்றுபோனவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம்.

கட்டியைத் தவிர வேறென்ன பார்ப்பது என்பதையும் தன் உடம்பிலேயே தொட்டுக்காட்டிச் சொன்னார். தோலில் குழி விழுவது, தோல் தடித்துச் சிவப்பது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் கலந்து கசிவது, ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுவது. "பிறந்ததிலேருந்தே அப்படி இருந்தா பயமில்ல. இப்ப புதுசா மாறியிருக்கான்னுதான் பாக்கணும்."

இந்தச் சுயபரிசோதனை பற்றி ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷாங்காய் நகரின் 519 ஆலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொடுக்கப்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. அதற்காகப் பூண்டியில் மாவு உருண்டையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது என்பதே என் துணிபு. முற்றிய கட்டியோடு, பல மாதம் கழித்து வருகிற பெண்ணுக்குத் தன் உடம்பைத் தொட்டறியும் உரிமையே புதிது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு நாம் நகர்ந்ததாகும். பயிற்சி பெற்ற ஒரு கை அவளைச் சோதிக்க வேண்டும்; சந்தேகம் வந்தால் அடுத்த படிக்குப் போக வழி இருக்க வேண்டும்.

மும்பையில் இதைச் செய்து காட்டினார்கள். டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மேமோகிராம் இல்லை, பரிசோதித்தவர்கள் மருத்துவர்களும் இல்லை. 20 ஆண்டுக் கணக்கு 2021-இல் வெளியானபோது, 50 வயதைக் கடந்த பெண்களிடம் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த இதே போன்ற ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் கண்டறிந்த புற்றுகளில் 43.8 சதவீதம் ஆரம்ப நிலையில் இருந்தன. மற்ற பகுதிகளில் 25.4 சதவீதம்தான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இதே திண்டுக்கல் மாவட்டத்தில், மலையடிவாரத்து ஒட்டன்சத்திரத்தை அடுத்து இருக்கிறது அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம் 1990-களிலிருந்தே மாவட்டத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தியது. யாருக்கு என்ன புற்று, எப்போது கண்டார்கள், பிழைத்தார்களா என்று கிராமம் கிராமமாகத் தேடி எழுதினார்கள். அந்த அடித்தளத்தின் மேல் 2000-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஊர் ஊராகப் போய், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்து, கருப்பைவாய்ப் புற்றின் முன்குறிகளைக் கண்டறிந்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள் 31,343 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: கருப்பைவாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. அது வேறு உறுப்பு, வேறு சோதனை. ஆனாலும் இந்த மாவட்டத்துப் பெண்கள், செவிலியர் வந்து கூப்பிட்டால் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு வருவார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. உலகமே பாடமாகப் படித்த வேலை இந்த மலையின் நிழலில் நடந்தது. மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கையில் வருத்தமாக இருக்கிறது.

கேள்விகள் வரத் தொடங்கின. "மூணு புள்ளைக்கும் பால் குடுத்த நெஞ்சுக்கா இது. இதுல எப்படி வரும்?" தாய்ப்பால் ஊட்டுவது பாதுகாப்புத்தான்; 30 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஒவ்வொரு 12 மாதம் பாலூட்டலுக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது. குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. "எங்க வம்சத்துலயே கிடையாது" என்றார் இன்னொருவர். பரம்பரையாக மரபணு வழி வருவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. "ஊசி குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே?" இதுதான் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி, அது வந்ததும் அறையே அமைதியானது. பரவாது என்று தோழி அழுத்திச் சொன்னார். ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்காமல் எது புற்று, எந்த வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே இல்லை. அந்த நிம்மதியும் ஊசியால்தான் கிடைக்கும்.

பிறகு ஒரு பெண் கேட்டார்: "வலிக்கலையே, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?"

என் சித்தியும் இதைத்தான் சொன்னார். வலி இல்லை, பேத்தி காதுகுத்து முடியட்டும், அறுப்பு முடியட்டும். கட்டி இருப்பது தெரிந்தும் ஓராண்டுக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். சொன்னபோது அது கல்லீரலுக்குப் போயிருந்தது. ஆரம்பத்தில் மார்பகப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை. பல்வலிக்கு விடியுமுன் ஓடுகிற நாம், வலிக்காத கட்டியைப் புள்ளைகுட்டிக்கு அடுத்தபடியாக, ஆடுமாட்டுக்கு அடுத்தபடியாக வைக்கிறோம். வலி இல்லாததே அதன் மோசம் என்று அந்த அறையில் தோழி திரும்பத் திரும்பச் சொன்னபோது எனக்குச் சித்தியின் முகம்தான் கண்ணில் நின்றது.

2022-இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாகவும் 98,000 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டிருக்கிறது. இந்த இறப்புகளில் எத்தனையோ, நேரத்தோடு வந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏற்கெனவே சிகிச்சை முடித்த ஓர் அக்காவின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பரணில் போன போகப் பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அடுப்புப் புகை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. பேசும்போதே கை பூண்டின் தாளை நீக்கிக்கொண்டிருந்தது. அவர் நோயைப் பற்றிப் பேசியதைவிடச் சாலையைப் பற்றிப் பேசியது அதிகம்.

"கட்டிய எடுத்ததுகூடப் பெருசாத் தெரியலக்கா. மருந்து ஏத்திட்டு இந்த ரோட்டுல மேல ஏறுறதுதான். வத்தலக்குண்டு தாண்டினதும் வளைவு ஆரம்பிக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி. பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போயிடுவாங்க. கொடைக்கானல் வந்தா கடைசி பஸ்ஸு போயிருக்கும். ராத்திரி ஸ்டாண்டுலயே உக்காந்திருப்பேன். தலைல முடி இல்ல, குளிரு."

மருந்து ஏற்றுவது 21 நாளுக்கு ஒருமுறை. அதற்கிடையில் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் மலை இறங்கி ஏற வேண்டும். ரயில்வே புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை தருகிறது. ஆனால் ரயில் கொடைரோட்டோடு நின்றுவிடுகிறது, மலை ஏறுவதில்லை. மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைக் கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மலைக்குள் போய்வர அது உதவும். மதுரைக்கு இறங்கும் வண்டிக்கும், அங்கே தங்கவும், கூட வருகிறவர் சாப்பிடவும் காசு வேண்டும். மருத்துவச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொண்டது என்றார். அவர் கடன் வாங்கியது மருந்துக்காக இல்லை, பயணத்துக்காக.

அவருக்கு மார்பு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். "டாக்டரம்மா ரெண்டும் சொன்னாங்க. கட்டிய மட்டும் எடுத்தா கரன்ட்டு கண்டிப்பா வைக்கணும், தெனம் வரணும்னாங்க. நான் எங்க தெனம் வர்றது? எடுத்துடுங்கன்னுட்டேன்."

கதிர்வீச்சுக்கு நம் ஊரில் 'கரன்ட் வைப்பது' என்றுதான் பெயர். அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு தந்தாலும், மார்பை முழுவதும் எடுத்தாலும் உயிர்பிழைப்பு ஒன்றுபோலவே இருக்கிறது என்று காட்டியது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய, மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து அரியும் முறையிலிருந்து மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டதை அது உறுதிசெய்தது. உலகம் முழுக்கப் பெண்கள் போராடிப் பெற்ற தேர்வு அது. பூண்டியில் அந்தத் தேர்வைச் செய்தது மருத்துவரும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. சாலையின் நீளம் செய்தது. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

ஆனாலும் அறுவைக்குப் பிறகு, அக்குள் நெறிக்கட்டிகளுக்கும் நோய் பரவியிருந்ததால் கதிர்வீச்சு வைத்தே ஆக வேண்டியதாயிற்று. 25 முறை, வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். சமவெளியில் ஒரு உறவினர் வீட்டில் தங்கினார். அந்த ஐந்து வாரத்தில் பூண்டு முற்றிப் பிடுங்க ஆளில்லாமல் மண்ணிலேயே பாதி கெட்டது. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பிரிட்டனில் நடந்த ஸ்டார்ட் ஆய்வுகளின் 10 ஆண்டு முடிவுகள் 2013-இல் வந்தன. மூன்று வாரத்தில் 15 முறை தந்தால் போதும் என்று அவை நிறுவின. 2020-இல் ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வு, தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறையே போதும் என்று காட்டியது. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நகரத்துப் பெண்ணுக்குக் கொஞ்சம் வசதி என்று தோன்றும் இந்த மாற்றம் மேல்மலைப் பெண்ணுக்கு ஒரு போகப் பூண்டு. "குறைச்ச நாள்ல முடியுமான்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து கேளுங்க" என்று தோழி காலையில் சொன்னதன் கனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்காவின் வலது கை இடது கையைவிடச் சற்றுப் பருத்திருந்தது. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தால் நிணநீர் வடிய வழியின்றிக் கை வீங்குவது உண்டு. முள் கீறினால், சேற்றுப்புண் வந்தால் வீக்கம் கூடும். தோழி அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, விரலிலிருந்து தோள் நோக்கித் தடவிவிடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். களை எடுக்கையில் கையுறை போடச் சொன்னார். அந்தக் கையில் ஊசி, ரத்த அழுத்தப் பட்டை வேண்டாம் என்று எங்கே போனாலும் முதலிலேயே சொல்லச் சொன்னார். பாரமே தூக்கக் கூடாது என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். பாரம் தூக்காமல் இங்கே யார் பிழைப்பது? சிறிது சிறிதாக எடையைக் கூட்டிப் பழகினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பூண்டு மூட்டையை எடுத்த எடுப்பில் தூக்காமல், அரை மூட்டையில் தொடங்கச் சொன்னார் தோழி.

ஜாக்கெட்டின் ஒரு பக்கத்தில் பழைய துணியைச் சுருட்டி வைத்திருந்தார் அக்கா. வேலை செய்யும்போது நழுவுகிறதாம். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார். தோழி பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்: மெல்லிய பருத்தி நூலில் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த மார்பு. உள்ளங்கைக்கு அடங்குவது, துவைக்கலாம், பஞ்சைக் கூட்டிக் குறைக்கலாம். அமெரிக்காவில் 2011-இல் ஒரு பெண் தனக்குப் பின்னித் தரப்பட்டதைப் பார்த்துப் பிறருக்காகத் தொடங்கிய வேலை இது. இன்று பல நாடுகளில் பெண்கள் பின்னி இலவசமாகக் கொடுக்கிறார்கள், இந்தியாவிலும் பின்னுகிறார்கள். மன்னவனூரில் கம்பளி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கம்பளி தழும்பில் உறுத்தும். பருத்திதான் வேண்டும் என்றார் தோழி. அக்கா அதை உள்ளே போய் வைத்துக்கொண்டு வந்து, "தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே இரண்டு முறை நடந்து பார்த்தார்.

தமிழ்நாட்டில் இந்த அக்கறைக்கு நெடிய வரலாறு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் போராடி, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்து, காசில்லாதவருக்கும் அதே சிகிச்சை என்பதை நடைமுறையாக்கினார். இன்று மதுரை பாலரெங்காபுரத்திலேயே அரசு மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. ஆகவே மருந்தோ திட்டமோ இல்லை என்று சொல்ல மாட்டேன். பூண்டிக்கும் அவற்றுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூரத்தை மலையூர்ப் பெண் தனியாகக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதே என் குறை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் டாக்டர் ஹரோல்டு ஃப்ரீமன் இதையே கண்டார். அங்கே ஏழைக் கறுப்பினப் பெண்கள் முற்றிய நிலையில் வந்தார்கள். ஐந்தாண்டு தாண்டியவர்கள் 39 சதவீதம்தான். 1990-இல் அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துணையாளரை ஏற்பாடு செய்தார். தேதி வாங்கித் தர, படிவம் நிரப்ப, பயத்தில் வராமல் நின்றுவிட்டால் வீட்டுக்குப் போய் அழைத்துவர. இலவசப் பரிசோதனையும் கூடவே வந்தது. பிறகு வந்தவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் 70 சதவீதம். டாடா நினைவு மருத்துவமனையும் இதற்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கி, ராமனைக் கங்கை கடத்திய படகோட்டியை நினைத்துக் கேவட் என்று பெயர் வைத்திருக்கிறது. இங்கே நமக்கு அந்தப் படகோட்டி குகன். மேல்மலைக்கும் குகன்கள் வேண்டும். மாதச் சம்பளம், பயணப்படி, கையில் ஒரு தொலைபேசி, கொடைக்கானலில் இரவு தங்க ஓர் அறை. கேட்பது இவ்வளவுதான்.

பிற்பகலில் பரிசோதனை. உள்ளறைக்கு ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே, சிலர் சேலையைச் சரிசெய்தபடி வேகமாக. ஒருவர் மட்டும் அதிக நேரம் உள்ளே இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், காலையில் கடைசி வரிசையில் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்திருந்தவர். தோழி வெளியே வந்து சாதாரணக் குரலில் சொன்னார்: இடப்பக்கம் ஒன்று தட்டுப்படுகிறது, நகர்கிறது, நல்ல கட்டியாகவே இருக்கலாம், ஆனால் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தள்ளிப்போட வேண்டாம்.

"பூண்டு பிடுங்கிட்டுப் போறேன்" என்றார் அந்தப் பெண்.

தாள் நீக்கிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார். வாசலிலேயே பேச்சு நடந்தது. ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரை நாளையே பார்ப்பது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் காப்பீட்டு அட்டை கிடைக்கும், ரேஷன் கார்டையும் ஆதாரையும் ஒரே பையில் வைப்பது. பூண்டை இரண்டு பேர் மாற்றாள் கணக்கில் பிடுங்கித் தருவதாகச் சொன்னார்கள். இவர் பிறகு அவர்கள் வயலில் நின்று தர வேண்டும். மாட்டுக்குப் பால் கறக்க மச்சினர் மகள். புருஷனிடம் யார் சொல்வது என்பதில் கொஞ்சம் இழுபறி. குழுத் தலைவி தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டார்.

"செவ்வாக்கெழம மொத பஸ்ஸு" என்றார் அக்கா. "நானும் வர்றேன். எனக்கும் செக்கப் இருக்கு. வயித்துக்கு ஒண்ணும் சாப்பிடாம ஏறாத, வாந்தி வரும். ரெண்டு இட்லி, ஊறுகா இல்லாம. பழைய போர்வை ஒண்ணு எடுத்துக்க, ஸ்டாண்டுல தங்குற மாதிரி ஆனா வேணும்."

தோழி தன் எண்ணை அக்காவின் கைப்பேசியில் பதிந்து கொடுத்தார். மதுரையில் இறங்கியதும் அழைக்கச் சொன்னார். மருத்துவமனை வாசலில் தான் நிற்பதாகவும் சொன்னார்.